கல்யாணம் ஆகவில்லை என்று யார் சொல்வது?

கல்யாணம் ஆனவரிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கும். ஆகாதவர் எதைக் காட்டுவார்? தமிழ்நாட்டில் மதம் எதுவானாலும் திருமணத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று வந்தது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதன் பிறகும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவாளர் அலுவலகம் பக்கமே போகாதவர்கள் ஏராளம். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்று ஒன்றும் கிடையாது. ஆகவே நம்மூரில் தரும் திருமணமாகாதவர் சான்றிதழ், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் தருவதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தருவது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் நான், அந்த நாட்டுப் பெண்ணை மணக்க இந்தச் சான்றுக்காக அலைந்தபோது, எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்பின.

இந்த வேலையை ஊரிலிருந்து தொடங்காதீர்கள். எந்த அலுவலகம் உங்கள் திருமணத்தைப் பதிவு செய்யப் போகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியில் அது ஸ்டாண்டஸாம்ட் எனப்படும் குடிமைப் பதிவகம். அங்கே மணம் முடிக்கும் வெளிநாட்டவர், தமக்குத் திருமணத் தடை ஏதுமில்லை என்று சொந்த நாட்டிலிருந்து சான்று கொண்டுவர வேண்டும். ஜெர்மானியர்கள் கேட்கும் வடிவில் இந்தியா அப்படி ஒன்றைத் தருவதில்லை. அதனால் நமக்கு வேறு வழி: அங்குள்ள மாநில உயர் நீதிமன்றத் தலைவரிடம் விலக்கு பெறுவது. அதற்கான மனுவையும் பதிவகமே வாங்கி அனுப்பும். என்னென்ன காகிதம் வேண்டும் என்ற பட்டியல் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுகிறது. நண்பர் கொடுத்த பட்டியலை நம்பாமல், உங்கள் பதிவக அதிகாரியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்கு உறுதிசொல்லும் அப்போஸ்டில் முத்திரை விஷயத்தில்தான் பலருக்கும் காசு போகிறது. இந்தியா 2005இல் அதற்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தது. பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளுக்கு நமது வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஆனால் ஜெர்மனி அப்போதே ஆட்சேபம் தெரிவித்துவிட்டதால், நம் முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை. பதிவகத்துக்குச் சந்தேகம் வந்தால் ஜெர்மானியத் தூதரகத்தின் வழியே ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, சான்று கொடுத்த அலுவலகத்திலும் தெருவிலும் நேரில் விசாரிப்பார்கள். அதற்குப் பல நூறு யூரோவும் பல மாதமும் ஆகலாம். இதெல்லாம் தெரிந்தும் தெரியாதது போல, சென்னையில் ஒரு ஏஜென்ட் என்னிடம் “அப்போஸ்டில் போட்டாத்தான் சார் செல்லும்” என்று அடித்துச் சொன்னார். எந்த நாட்டுக்கு என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத ஏஜென்டிடம் காகிதத்தைக் கொடுக்காமலிருப்பது நல்லது.

ஊர் வேலை ஒப்பிட்டால் எளிது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் என்று நகர்ந்து தாசில்தார் கையெழுத்தில் முடியும். விசாரணைக்கு வந்த விஏஓ எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “தம்பி, நீங்க இங்க இருந்த வரைக்கும் கல்யாணம் ஆகலைன்னு நான் எழுதிடுவேன். வெளிநாட்டுல ஆச்சா ஆகலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” அப்பாவுக்குக் கோபம். “எம் பையனைப் பத்தி என்ன சார் இப்படிக் கேக்குறீங்க?” என்றார். ஆனால் அந்த மனிதர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பதிவக அதிகாரியும் பிறகு அதையே கேட்டார். ஊரில் இருந்த காலத்துக்கு ஊர்ச் சான்று; வெளிநாட்டில் இருந்த காலத்துக்கு அந்தந்த நாட்டுச் சான்று. ஜெர்மனியில் முகவரிப் பதிவு அலுவலகத்தில் கேட்டால், மணநிலையும் குறிப்பிட்ட விரிவான வசிப்புச் சான்று கிடைக்கும். இடையில் வேறு நாட்டில் சில ஆண்டு இருந்திருந்தால், அதற்கும் சேர்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி பெயர். பிறப்புச் சான்றில் என் பெயர் இனிஷியல் இல்லாமல் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நமக்கு இதில் வியப்பில்லை. பதிவக அதிகாரி மூன்று காகிதத்தையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் தொட்டுக்காட்டி, “இவர்கள் மூவரும் ஒருவரா?” என்று கேட்டார். “உங்கள் அப்பாவின் குடும்பப்பெயர் ஏன் உங்களுக்கு இல்லை?” என்பது அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் யாருக்குமே குடும்பப்பெயர் கிடையாது என்றால் அவருக்கு நம்பச் சிரமம்.

ஆகவே மணமாகாதவர் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பெயர்களை ஒழுங்கு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் அளவுகோல். பிறப்புச் சான்றில் பெயரே ஏறாமல் இருந்தால் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். கையால் எழுதிய பழைய நகலுக்குப் பதிலாகக் கணினியில் அச்சான புதிய சான்று வாங்குங்கள். இத்தனை வடிவப் பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து, நோட்டரி முன் கையெழுத்திடுங்கள். மகனுக்கு அல்லது மகளுக்கு இதுவரை மணமாகவில்லை என்று பெற்றோர் தரும் பத்திரமும் பல இடங்களில் கேட்கப்படுகிறது. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். பத்திரங்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் அவற்றை மொழிபெயர்க்க முடியும். தமிழுக்கு அப்படிப்பட்டவர்கள் குறைவு, ஆங்கிலத்துக்குத் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் நகலையும் கூடவே கொடுங்கள். இல்லையென்றால் தமிழெழுத்தில் உள்ள பெயரைச் சர்வதேச ஒலிபெயர்ப்பு விதிப்படி மேலே கோடும் கீழே புள்ளியுமாக எழுதி, நான்காவதாக ஒரு பெயரை உருவாக்கிவிடுவார்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். நீதிமன்றம் தரும் விலக்கு 6 மாதத்துக்குத்தான் செல்லும். ஆனால் அது கைக்கு வரும் நாளை யாரும் சொல்லமாட்டார்கள். எனவே பிறப்புச் சான்று, பெயர்த் திருத்தம் போன்ற காலாவதியாகாத வேலைகளை முதலிலும், மணமாகாதவர் சான்றைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பொறுமை இல்லாதவர்கள் மணம் முடிக்க டென்மார்க் போகிறார்கள். அங்கே 2019 முதல் குடும்பச் சட்ட முகமை என்ற ஒரே அலுவலகம் ஆவணங்களைப் பார்த்து அனுமதிச் சான்று தருகிறது. அது 4 மாதம் செல்லும். ஜெர்மனியில் குடியிருப்பவர்கள் மணநிலை குறிப்பிட்ட அதே வசிப்புச் சான்றை அங்கே கொடுக்கிறார்கள். இரண்டு வழியையும் நிறுத்துப் பார்த்து, வீட்டார் வரவேண்டும் என்பதால் நாங்கள் ஜெர்மனியிலேயே முடித்தோம். எங்கள் வீட்டு நிலைமை வேறாக இருந்திருந்தால் டென்மார்க்கைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

ஏற்கெனவே மணமாகி விலகியவர்களுக்குப் பாதை வேறு. பஞ்சாயத்தில் எழுதிய விடுதலைப் பத்திரம் போதாது. நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும்.

திருமணம் முடிந்ததும் பதிவகத்திடம் பன்மொழிச் சான்றில் கூடுதலாக இரண்டு பிரதி கேட்டு வாங்கிவிடுங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரைச் சேர்க்க ஒன்று தேவைப்படலாம். இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை கேட்க, பதிவான திருமணம் 2 ஆண்டு தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும்; இன்னொன்று அதற்கு.