ஒரே பையில் வந்த விதைகள்

நெளுக்குளம், வவுனியா.

அன்புள்ள பிள்ளைக்கு,

போன மாரியில் நீயும் நானும் கிணற்றடிப் பக்கம் நட்ட பன்னிரண்டு தேக்கங்கன்றுகளையும் நேற்று அளந்தேன். எருக்கும்பிக்குக் கிட்ட நிற்பது ஒன்பது அடி. வாய்க்கால் பள்ளத்தில் நிற்பது நாலு அடியைக்கூடத் தொடவில்லை. "ஒரே பை விதை, ஒரே நாள் நட்டது, பிறகேன் பெரியப்பா இப்படி?" என்று போனில் கேட்டாய். குட்டையைப் பிடுங்கிவிடுவோமா என்றும் கேட்டாய். பிடுங்காதே. காரணத்தை ஆறுதலாக எழுதுகிறேன்.

உயர்தர உயிரியலில் தோற்றவமைப்பு, பிறப்புரிமையமைப்பு என்று இரண்டு சொற்கள் படித்திருப்பாய். கண்ணுக்குத் தெரிகிற வடிவம் முதலாவது, பரம்பரை தந்த அமைப்பு இரண்டாவது. டென்மார்க்குத் தாவரவியலாளர் யொகான்சன் 1909இல் உண்டாக்கிய சொற்கள் அவை. அதற்கு முன்பே அவர் அவரை விதைகளை நிறுத்துப் பார்த்திருந்தார். தன் மகரந்தத்தாலேயே காய்த்து வந்த ஒரே வழியின் விதைகளில் பெரியதும் இருந்தது, சிறியதும் இருந்தது. இரண்டையும் தனித்தனியே விதைத்தார். பெரியதன் பிள்ளைகளும் சிறியதன் பிள்ளைகளும் சராசரியில் ஒரே நிறை! அந்த வித்தியாசம் இடமும் சாப்பாடும் தந்தது, பரம்பரை தந்ததல்ல. எங்கள் ஒன்பது அடிக் கன்றுக்கு எருத்தண்ணீர் ஊறிப் போகிறது. நாலடிக் கன்றின் காலில் மாரி முழுக்கத் தண்ணீர் நின்றது, தேக்குக்கு அது ஆகவே ஆகாது. ஆனபடியால் எது நல்ல சாதி என்று இந்த உயரத்தை வைத்து நீயும் சொல்ல ஏலாது, நானும் சொல்ல ஏலாது.

ஆனால் தேக்கு அவரையும் இல்லை. தேக்கம்பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். தேனீயும் பூச்சிகளும் வேறு மரத்து மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். தன் மகரந்தத்தால் அதிகம் காய் பிடிக்காது. காயை உடைத்தால் நாலு அறை இருக்கும். பலதில் ஒரு விதைதான் தேறும், சிலதில் ஒன்றுமே இராது. ஆக, ஒரே மரத்தடியில் பொறுக்கினாலும் இந்தப் பன்னிரண்டு கன்றுக்கும் தாய் ஒன்றாக இருக்கலாம், தகப்பன் பல. ஒரு வீட்டுப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக ஒன்றுக்கொன்று மாறித்தான் நிற்கும்.

அந்த மாறலில் நான் பெரிதாக நினைப்பது உயரத்தை அல்ல, பூக்கிற வயதை. தேக்கின் பூங்கொத்து நடுத்தண்டின் நுனியில் வருகிறது. நுனி பூவாகிவிட்டால் அந்தத் தண்டு மேலே போகாது. பக்கத்து மொட்டுகள் கிளம்பி மரம் கவராகப் பிரியும். சின்ன வயதிலேயே பூக்கிற மரத்துக்கு அதனால் அடிமரம் கட்டை. பிந்திப் பூக்கிற மரம் கவரில்லாமல் நெடுக ஏறும். எப்போது பூப்பது என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கிறது.

இதிலே நாங்கள் என்ன செய்துவருகிறோம் என்று பார். நிலைக்கும் கதவுக்கும் வளைக்கும் நேரான மரத்தைத் தேடித் தறிக்கிறோம். கவர் விட்ட மரம் வேலியோரம் தப்பி நிற்கிறது. விதைக்குப் போகிறவர்களும் அதனடிக்கே போகிறார்கள். அதுதான் கைக்கெட்டும் உயரத்தில், சின்ன வயதிலிருந்தே குலைகுலையாகக் காய்க்கிறது. நல்லதை வாளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை விதைக்கு விடுகிறோம். நெல்லுக்கு இப்படிச் செய்யும் கமக்காரன் எங்கள் ஊரில் ஒருவனும் இல்லை. விதைநெல்லைத் தெரிந்து, தூற்றி, காயவைத்து எடுத்துவைக்கிற கை மரத்துக்கு மட்டும் ஏன் அசட்டையாக இருக்கிறது? நெல்லின் பிழை நாலு மாதத்தில் தெரியும், தேக்கின் பிழை தெரிய முப்பது வருடம் வேண்டும் என்பதாலாக்கும்.

தேக்கு எங்கள் காட்டு மரமும் அல்ல. பாலை, முதிரை, கருங்காலி வன்னிக்குச் சொந்தம். தேக்கின் இயற்கைக் காடுகள் இந்தியா, மியன்மார், தாய்லாந்து, லாவோஸ் நாடுகளில்தான். இலங்கைக்கு அது வந்தது ஒல்லாந்தர் காலத்தில். இப்போது வவுனியா நகருக்குள்ளேயே தேக்கவத்தை என்று ஓர் ஊர்ப்பெயர் இருக்குமளவுக்கு ஒட்டிவிட்டது. மலபாரில் நிலம்பூரிலே 1840களில் கலெக்டர் கொனொலியும் சாத்து மேனனும் நட்ட தேக்குகளில் சில இன்றும் நிற்கின்றன. அங்கே ஆனி ஆடியில் மழை கொட்டும். எங்களுக்கோ பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும், பிறகு நெடுங்கோடை. அந்த மரத்தின் பிள்ளை இங்கே அப்படியே வளரும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. 1973க்கும் 1976க்கும் இடையில் டென்மார்க்கின் உதவியோடு, 75 இடங்களின் தேக்கு விதையைப் பல வெப்ப நாடுகளில் பக்கம் பக்கமாக நட்டு ஒப்பிட்டார்கள். ஓரிடத்தில் முந்தி நின்ற விதை இன்னோரிடத்தில் பிந்திப்போனது.

இப்போது படியெடுத்த கன்று விற்பனைக்கு வருகிறது. புதினமாகப் பார்க்காதே. வேலிக்குக் கிளுவைக் கதியால் ஊன்றுகிறோமே, அதுவும் தாயின் அச்சு அசல் படிதான். ஆனால் முற்றிய தேக்கின் கொப்பைக் கதியாலாக ஊன்றினால் வேர் விடாது. இளந்தளிரைத்தான் பதமாக வேர்விடச் செய்ய வேண்டும். மலேசியாவின் சபாவில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். கோயம்புத்தூரில் 1988இல் தொடங்கிய வன மரபியல் நிறுவனம் சவுக்கிலும் தைல மரத்திலும் நல்ல படிகளை வெளியிட்டிருக்கிறது. வேண்டினால் நாலைந்து தாயின் படிகளைக் கலந்து நடு. ஒரு தாயின் படியால் முழுக் காணியையும் நிரப்பினால், ஒரு நோய் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோகக்கூடும்.

கெதியாக வளர்ந்த தேக்கில் வைரம் இராது என்று ஊரில் சொல்வார்கள். கேரளத்தில் பீச்சி வன ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்து, இருபது வருடத்து மரம் பலத்தில் கிழமரத்துக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை என்று கண்டார்கள். இளமரத்தில் வைரம் குறுகல், வெள்ளை கூட, குறை அதுதான். மரக்காலைக்குப் போனால் அரிந்த குற்றியின் முகத்தைப் பார். கோடையில் இலை கொட்டி ஓய்ந்து, மழையோடு பெரிய துளைகளாகத் தொடங்கும் வளையங்கள் தெரியும். வருடத்துக்கு ஒன்று. ஜாவாத் தேக்கின் இந்த வளையங்களை எண்ணி பெர்லாகே என்பவர் 1514இலிருந்து 1929 வரை வருடக் கணக்குப் போட்டு 1931இல் வெளியிட்டார். அகன்ற வளையம் நல்ல மாரி, ஒடுங்கியது வரட்சி. மரம் தன் கொப்பியைத் தானே எழுதிவைக்கிறது.

எங்கள் கொப்பியை நீ எழுது. பன்னிரண்டு கன்றுக்கும் இலக்கம் போட்டு, ஒவ்வொரு தையிலும் உயரமும் நெஞ்சளவில் சுற்றளவும் எடு. முதற்பூ எந்த வருடம் என்று குறி. நிற்கும் இடத்தையும் எழுது: எருவடி, பள்ளம், மேடு. நாலடிக் கன்று கடைசியாகப் பூக்கிற மரமாகவும் இருக்கலாம்.

ஒழுங்கை மூலையில் கொப்பில்லாமல் நேராக நிற்கும் பெரிய தேக்குக்கு மரக்காலைக்காரர் போன கிழமையும் விலை பேசினார். கொடுக்கவில்லை. அதனடியைக் கூட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை விதை அங்கே பொறுக்குவோம், சாக்கோடு வா.

அன்புடன்,
பெரியப்பா