ஓர் ஆட்டத்தின் மறுபிறப்பு: திறமூல மென்பொருள் கற்பிக்கும் பாடம்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களின் எல்லைகளும் நெருங்கி வரும் இடத்தில் அமைந்துள்ளது குப்பம். சென்னை–பெங்களூரு இருப்புப்பாதையில், ஜோலார்பேட்டைக்கும் பங்காரப்பேட்டைக்கும் இடையே உள்ள நிலையம் இது. 1997ஆம் ஆண்டில் இங்குத் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 2002ஆம் ஆண்டில் ஹியூலெட்–பக்கார்டு நிறுவனம் மாநில அரசுடன் இணைந்து, இப்பகுதியில் 'ஐ-கம்யூனிட்டி' என்னும் மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கணிப்பொறி வசதி கொண்ட தகவல் மையங்கள் அமைந்தன. சுயஉதவிக் குழுப் பெண்கள் சூரிய ஒளியால் இயங்கும் கருவிகளுடன் புகைப்படத் தொழில் செய்யவும் பயிற்சி பெற்றனர்.

இத்தகைய திட்டங்கள் எங்கு நடைபெறினும் ஒரு வினா எழுவது இயல்பு. திட்டக் காலம் முடிந்து, வழங்கியவர் விலகிய பின்னர், மக்களிடம் எஞ்சி நிற்பது எது? கணிப்பொறி பழுதானால் மற்றொன்று வாங்கலாம். அதில் இயங்கும் மென்பொருளைத் திருத்தவும் வளர்க்கவும் உரிமை யாரிடம் உள்ளது? இவ்வினாவிற்கு விடை காண, முற்றிலும் வேறொரு துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை இங்கு ஆராய்வோம். அது ஒரு கணிப்பொறி ஆட்டத்தின் வரலாறு.

மூல ஆட்டம்

பிரித்தானியரான கிறிஸ் சாயர் எழுதிய 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்னும் ஆட்டத்தை மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் விரிவாக்கப் பதிப்பு மறு ஆண்டில் வந்தது. ஆடுபவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் தலைவர். கடன் பெற்று, இருப்புப்பாதையும் சாலையும் அமைத்து, நிலக்கரியை மின்நிலையத்திற்கும் பயணிகளை நகருக்கும் கொண்டு சேர்த்து, வருவாய் ஈட்ட வேண்டும். விரிவாக்கப் பதிப்பில் ஆட்டம் 1950ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

இந்த ஆட்டம் பெரும்பாலும் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. அசெம்பிளி மொழி என்பது குறிப்பிட்ட ஒருவகைச் செயலியின் கட்டளைகளை ஏறத்தாழ நேரடியாகவே எழுதும் முறையாகும். இதனால் நிரல் சிறியதாகவும் விரைவாகவும் இயங்கும். ஆனால் அதே காரணத்தால் வேறுவகைச் செயலிக்கு அதை மாற்றுவது அரிது. கணிப்பொறிகளும் அவற்றின் இயக்க முறைமைகளும் மாறியபோது, பழைய ஆட்டம் பின்தங்கியது. வெளியிட்ட நிறுவனமும் 1998இல் கைமாறியது. மூலநிரல் மக்கள் கையில் இல்லாமையால், ஆட்டத்தை விரும்பியவர்கள் அதைத் திருத்த வழியின்றி இருந்தனர்.

மறு ஆக்கம்

முதல் முயற்சி ஒட்டுப்போடும் வகையைச் சேர்ந்தது. ஜோசப் டிரெக்ஸ்லர் என்பவர் தொடங்கிய 'டி.டி.டி. பேட்ச்' என்னும் நிரல், ஆட்டம் இயங்கும்போதே நினைவகத்தில் அதன் கட்டளைகளை மாற்றிப் புதிய வசதிகளைச் சேர்த்தது. எனினும் மூல ஆட்டம் இன்றி அது இயங்காது. வேறுவகைச் செயலிகளுக்கும் அது செல்ல இயலாது. பழைய சுவரின் மேல் எத்தனை மாடிதான் எழுப்ப முடியும்?

இரண்டாம் முயற்சி அடித்தளத்தையே மாற்றியது. சுவீடன் நாட்டு நிரலாளர் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ், ஆட்டத்தின் எந்திரக் கட்டளைகளைப் படித்து ஆராய்ந்து, அவற்றின் செயல்களைச் 'சி' மொழியில் மீண்டும் எழுதினார். 'ஓப்பன் டி.டி.டி.' என்னும் பெயருடன் 2004ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் அது வெளியாயிற்று. அதற்கு அளிக்கப்பட்ட ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, எவரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்கிறது. திருத்தியதை வழங்குவோர் அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

தொடங்கியவர் பின்னர் வேறு பணிகளுக்குச் சென்றார். ஆயினும் பணி நிற்கவில்லை. பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் அதை ஏற்றுத் தொடர்ந்தனர். மூலநிரலும் உரிமமும் பொதுவில் இருந்தமையால், ஒருவர் விலகினாலும் மற்றவர் தொடர இயன்றது. குப்பத்தை முன்னிட்டு நாம் எழுப்பிய வினாவிற்கு இதுவே விடையின் முதற்பகுதி.

ஒரு குறை மட்டும் நெடுங்காலம் நீடித்தது. நிரல் புதிதாயினும், திரையில் தோன்றும் வண்டி, வீடு, மரம் ஆகியவற்றின் படங்களும் ஒலிகளும் பழைய ஆட்டத்திற்கு உரியவை. அவற்றை வைத்திருப்பவரே ஆட முடிந்தது. ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கான படங்களைப் புதிதாக வரைந்தனர்; ஒலியையும் இசையையும் தனியே உருவாக்கினர். அதன் பயனாக, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் வெளியான 1.0 பதிப்பு, பழைய கோப்புகள் ஏதுமின்றித் தனித்தியங்கும் தகுதி பெற்றது. ஆறாண்டு உழைப்பின் பலன் இது.

சட்டம் கூறுவது

மாணவர்கள் இங்கு மூன்று அடுக்குகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, ஆட்டத்தின் கருத்து. இருப்புப்பாதை அமைத்து வருவாய் ஈட்டுதல் என்னும் கருத்திற்குப் பதிப்புரிமை இல்லை. இரண்டாவது, நிரல். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ், கணிப்பொறி நிரல் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. மூன்றாவது, படமும் இசையும். இவை தனித்தனியே உரிமை பெற்ற படைப்புகள்.

1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அதன் அடிப்படைக் கருத்துகளையும் கொள்கைகளையும் அறியும் பொருட்டு, அது இயங்கும் முறையைக் கவனிக்கலாம், ஆராயலாம், சோதிக்கலாம். தனியே உருவாக்கிய வேறொரு நிரல் அதனுடன் இணைந்து இயங்குவதற்கு இன்றியமையாத தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதைப் பெறுவதற்கான செயல்களுக்கும் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. பிறர் நிரலை அப்படியே படியெடுத்து வெளியிட இப்பிரிவு உரிமை தருவதில்லை.

ஆகவே வழிகளும் வேறுபடுகின்றன. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995இல் தொடங்கிய 'ஃபிரீசிவ்', 1991இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' ஆட்டத்தின் கருத்தை மட்டும் கொண்டு முழுதும் புதிதாக எழுதப்பட்டது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமோ, 'கமாண்ட் அண்ட் கான்கர்' ஆட்டத்தின் நிரற்பகுதிகளை 2020இல் தானே பொது உரிமத்தில் வெளியிட்டது. உரிமையாளரே முன்வருவது ஐயத்திற்கு இடமற்ற வழியாகும்.

பாடநூலாக ஓர் ஆட்டம்

மூலநிரல் திறந்திருப்பதால் இவ்வாட்டம் ஒரு பாடநூலாகவும் பயன்படும். எடுத்துக்காட்டாகக் கைகாட்டி முறையைக் காண்போம். இரு கைகாட்டிகளுக்கு இடைப்பட்ட பாதை ஒரு பகுதி. அதனுள் ஒரு வண்டி இருக்கையில் மற்றொன்று நுழையலாகாது. உண்மையான இருப்புப்பாதையிலும் பாதுகாப்பின் அடிப்படை இதுவே. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளைக் கடக்கச் செய்யும் துணைப்பாதையை மாணவர் தாமே அமைத்துப் பார்க்கலாம். கைகாட்டியைத் தவறான இடத்தில் நட்டால், இரு வண்டிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடுவதையும் காணலாம்.

வருவாய்க் கணக்கும் ஆராயத்தக்கது. சரக்கின் வகை, அளவு, நிலையங்களுக்கு இடையிலான தொலைவு, பயண நேரம் ஆகிய நான்கினைப் பொறுத்துக் கட்டணம் அமைகிறது. தொலைவு என்பது நிலையங்களின் இடங்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தண்டவாளத்தின் நீளம் கணக்கில் வருவதில்லை. எனவே பாதையைச் சுற்றி வளைத்தால் நேரமே விரயமாகும், வருவாய் குறையும். மரங்களை வெட்டினால் உள்ளூர் நிர்வாகத்தின் நன்மதிப்புக் குறைந்து, புதிய நிலையத்திற்கு இசைவு மறுக்கப்படுவதும் உண்டு. ஆனால் நிலம் இழப்போரின் துயரும் தொழிலாளரின் ஊதியமும் இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. எந்த மாதிரியிலும் எது விடுபட்டது எனக் கேட்பதே கற்றலின் பயன். நிரல் திறந்திருந்தால், விடுபட்டதைச் சேர்த்துப் பார்க்கவும் இயலும்.

மொழியின் இடம்

ஓப்பன் டி.டி.டி.யின் மொழிக் கோப்புகளில் தமிழும் ஒன்று. தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கும் இக்கோப்பில், பெயர்க்கப்படாத தொடர்கள் ஆங்கிலத்திலேயே தோன்றும். விற்பனை நோக்குடைய ஒரு நிறுவனம் சந்தையின் அளவைக் கணக்கிட்டே ஒரு மொழியைச் சேர்க்கும். இங்கோ, உழைக்க முன்வரும் சிலர் இருந்தாலே போதும்.

இப்பணி எளிதன்று. கைகாட்டி, பணிமனை, தண்டவாளம் போன்ற சொற்கள் நம் மக்களிடம் முன்பே வழங்குகின்றன. அவற்றை விடுத்து அகராதிச் சொற்களைப் புகுத்தினால் ஆடுபவர் திகைப்பர். தெலுங்கும் தமிழும் கன்னடமும் அன்றாடம் கலந்து ஒலிக்கும் குப்பம் போன்ற ஊர்களில், மொழித்துறை மாணவரும் கணிப்பொறித்துறை மாணவரும் கூடி இத்தகைய சொற்பட்டியல்களை உருவாக்கினால், அது ஆட்டத்திற்கு மட்டுமன்றி அரசுச் சேவை மென்பொருள்களுக்கும் பயன்படும்.

அலுவலர்க்குச் சில குறிப்புகள்

அரசு அமைப்புகளில் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை இந்திய அரசு 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. அரசு மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்து, பலர் கூடி வளர்ப்பதற்கான கொள்கையும் அவ்வாண்டே வந்தது. கேரளத்தின் பள்ளிகள் இத்துறையில் முன்னோடிகளாக விளங்குகின்றன.

எனினும் 'கட்டற்றது' என்பதைச் 'செலவற்றது' எனப் பொருள் கொள்ளலாகாது. பயிற்சிக்கும் பராமரிப்பிற்கும் ஆளும் பொருளும் தேவை. தன்னார்வலரின் ஓய்வு நேரத்தை நம்பி ஒரு மருத்துவமனையின் பதிவேட்டை நடத்த இயலாது. ஆதலின் ஒப்பந்தம் எழுதும்போதே மூன்று வினாக்களுக்கு விடை பெறுதல் வேண்டும். மூலநிரல் நம்மிடம் ஒப்படைக்கப்படுமா? தரவுகள் எவரும் படிக்கத்தக்க பொது வடிவில் சேமிக்கப்படுமா? வழங்கியவர் விலகினால், வேறொருவரைக் கொண்டு திருத்த நமக்கு உரிமை உண்டா?

இம்மூன்றும் இல்லாதிருந்தும், ஓர் ஆட்டத்தை அதன் அன்பர்கள் எந்திரக் கட்டளைகளைத் துருவி ஆராய்ந்து மீட்டனர். ஆட்டமாயின் பல்லாண்டு காத்திருக்கலாம். நிலப் பதிவேடோ நியாயவிலைக் கடையின் கணக்கோ ஒரு நாளும் காத்திருக்க இயலாது. மீட்கும் தேவையே எழாதபடி, தொடக்கத்திலேயே உரிமையைப் பெற்றுக்கொள்வது பொதுப்பணத்தைச் செலவிடுவோரின் கடமையாகும்.