பியூஸைக் கழட்ட முதல்



போன எபிசோடுக்குப் பிறகு லவாலில் இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணை, மாமா தந்த பழைய கார் ஒண்டு ஓடுறன். ஸ்னோவில ஏபிஎஸ் காரை நிப்பாட்ட விடாது, அந்த பியூஸைக் கழட்டி எறி எண்டு மாமா சொல்லுறார். கழட்டட்டோ?"

ரெக்கோர்டிங்கில் ரெண்டு நிமிசத்தில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. மாமா சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கு. அந்தப் பங்கை மட்டும் கேட்டு பியூஸில் கை வைத்தால்தான் பிரச்சினை. அதனால் ஆறுதலாக எழுத்தில்.

என் கால் செய்த பிழை

லைசென்ஸ் எடுத்த பிறகு வந்த முதல் வின்டர். கோட்-தெ-நேஜ் ரோட்டில் இறக்கத்தில் வருகிறேன், முன்னால் சிவப்பு லைட். பிரேக்கை அழுத்தினேன். பெடல் காலுக்குக் கீழே தடதடவென்று அதிர்ந்தது; எங்கேயோ அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். பிரேக் உடைஞ்சு போச்சு என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். எடுத்த அந்த நொடியில் கார் தன்பாட்டில் போய் முன்னால் நின்ற வானின் பின்பக்கத்தில் முட்டியது. ஒருவருக்கும் காயம் இல்லை.

வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி: "பிரேக்கைக் குத்திக் குத்தி மிதிச்சனியோ?" அப்பா யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரில் கார் ஓடப் பழகியவர். அந்தக் காருக்கு அது சரியான பாடம். என் காருக்கு அது பிழையான பாடம். பெடல் அதிர்ந்தது ஏதோ உடைந்ததால் இல்லை, ஏபிஎஸ் வேலை செய்ததால். அதை எனக்கு முதலே ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஏபிஎஸ் உண்மையில் என்ன செய்யுது?

உருளுகிற சக்கரத்துக்குத்தான் ரோட்டில் பக்கவாட்டுப் பிடி இருக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு, சுத்தாமல் வழுக்கத் தொடங்கினால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் முதல் போன திசையிலேயே போகும். தார் ரோட்டில் நல்ல பிடி கிடைப்பது, சக்கரம் காரின் வேகத்தைவிட 10 முதல் 20 சதவீதம் வரை மெதுவாகச் சுத்தும்போது. முழுக்கப் பூட்டினால் பிடி குறையும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிற சென்சார் சுத்துகிற வேகத்தை அளக்கும். ஒரு சக்கரம் பூட்டப் போகிறது என்று கம்ப்யூட்டர் கண்டால், ஒரு வால்வைத் திறந்து அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். பிறகு திரும்பக் கூட்டும். இது ஒரு நொடியில் பல தடவை நடக்கும். அந்த அதிர்வுதான் பெடலில் தெரிவது. அப்பாவின் "குத்திக் குத்தி" மிதிப்பையே இது செய்கிறது. ஆனால் மனுசக் காலைவிட மிக வேகமாக, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக. நாங்களும் சேர்ந்து குத்தினால் அதன் வேலையைக் குழப்புகிறோம்.

இந்த யோசனை முதலில் விமானங்களுக்கு வந்தது. 1950களில் டன்லொப் நிறுவனத்தின் மாக்ஸரெட் விமானச் சக்கரங்களில் ஓடியது. 1978இல் பொஷ் செய்த எலக்ட்ரோனிக் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது.

மாமா எங்கே சரி?

1999இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு சோதனை அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான தரைகளில் ஏபிஎஸ் இருந்த கார்கள் குறைந்த தூரத்தில் நின்றன. ஒரேயொரு தெளிவான விதிவிலக்கு, இளகின சரளைக்கல். அங்கே நிற்கும் தூரம் சராசரியாக 27.2 சதவீதம் கூடியது. ஏனென்றால் பூட்டின சக்கரம் கல்லைத் தள்ளித் தனக்கு முன்னால் ஒரு சின்ன மேடு கட்டும். அந்த மேடே காரை மறிக்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருள விடுவதால் மேடு கட்டுப்படாது. புதிதாக விழுந்த ஆழமான ஸ்னோவிலும் இதே கதைதான். உங்கள் கார் மனுவலிலேயே இது எழுதியிருக்கலாம், பாருங்கோ.

சரி, மாமா வெண்டிட்டாரோ? கொஞ்சம் பொறுங்கோ, ஒரு கணக்குப் பார்ப்போம். ஐஸில் உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்தால், 50 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து நிற்க ஏறக்குறைய 98 மீற்றர் வேணும். 40இல் இருந்து 63 மீற்றர் போதும். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தூரம் 36 சதவீதம் குறைகிறது. ஆக, ஏபிஎஸ்ஸால் 27 சதவீதம் நட்டம் வருகிற மோசமான தரையிலும், 50இல் போகாமல் 40இல் போனால் லாபத்தில்தான் நிற்கிறீர்கள். பியூஸ் தேவையில்லை.

பீவர் ஹோல் இறக்கம்

2016 டிசம்பர் 5. டவுன்டவுனில் பீவர் ஹோல் இறக்கத்தில் பஸ், கார், பொலிஸ் கார், கடைசியில் ஸ்னோ அள்ளுகிற வண்டிகூட வழுக்கி வந்து ஒன்றோடு ஒன்று முட்டிய வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்கச் சுற்றியது. எல்லாரும் சிரித்தோம். அந்த வீடியோவில் ஒரு பௌதிகப் பாடம் இருக்கு. ரோட்டின் சாய்வு 10 சதவீதம், உராய்வு 0.1க்குக் கீழே என்றால், எந்த பிரேக்காலும் வண்டியை நிற்பாட்ட முடியாது. ஏபிஎஸ் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஏபிஎஸ் பிடியை உண்டாக்குவதில்லை, இருக்கிற பிடியைப் பங்கு போடுகிறது, அவ்வளவுதான். பிடியைக் கூட்டுவது டயர்.

அப்போது கியூபெக்கில் வின்டர் டயர் கட்டாயம் டிசம்பர் 15இல்தான் தொடங்கும். 2008இல் வந்த சட்டம் அது. 2019இல் இருந்து டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்; வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனாலே சம்மர் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும்.

பியூஸோடு வேறு என்ன போகும்?

கார் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நேராக்குகிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஏபிஎஸ்ஸின் அதே சென்சார், அதே வால்வுகளைத்தான் பாவிக்கிறது. 2011 செப்டம்பர் 1இல் இருந்து செய்யப்பட்ட கார்களுக்குக் கனடாவில் அது கட்டாயம். பியூஸைக் கழட்டினால் அதுவும் போகும். பல கார்களில் பின்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அதே பெட்டிதான். அது இல்லாவிட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டலாம். முன்சக்கரம் பூட்டினால் கார் நேராகப் போகும். பின்சக்கரம் பூட்டினால் கார் திரும்பி, வந்த பக்கத்தைப் பார்க்கும். மாமாவின் பழைய காரில் இதற்கென்று ஒரு வால்வு தனியாக இருந்தது. உங்கள் காரில் இல்லாமல் இருக்கலாம்.

இன்னொன்று. டாஷ்போர்டில் வழுக்குகிற கார் படம் போட்ட பட்டன் ஏபிஎஸ்ஸை நிற்பாட்டாது. அது டிராக்ஷன் கன்ட்ரோல். ஸ்னோவுக்குள் கார் புதைந்தால் அதை ஓஃப் செய்து முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கலாம். வெளியில் வந்ததும் திரும்பப் போடுங்கோ.

எங்கள் தலைக்குள் இருக்கிற பிரச்சினை

மாமா பக்கத்துக்கு இன்னொரு வாதமும் இருக்கு. ரொறன்ரோவில் கல்யாண வீட்டுக்குப் போகும்போது 401இல் கிங்ஸ்டனைக் கடப்போம் அல்லவா? அங்கே குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் வைல்ட் என்ற உளவியலாளர் இருந்தார். பாதுகாப்பு கூடினால் மனுசர் அந்த அளவுக்குத் துணிவையும் கூட்டிக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். அவர் எடுத்துக்காட்டியது மியூனிக் டாக்ஸிகளை: ஒரு பகுதிக்கு ஏபிஎஸ், மிச்சத்துக்கு இல்லை, விபத்துகளில் பெரிய வித்தியாசம் வரவில்லை, ஏபிஎஸ் சாரதிகள் இன்னும் முரட்டுத்தனமாக ஓடினார்கள். 2009இல் வந்த ஒரு அமெரிக்க அரசாங்க ஆய்வு கார்களில் உயிர்ச்சேதம் இல்லாத விபத்துகள் 6 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. உயிர்ச்சேத விபத்துகளில் கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை.

ஆக, ஏபிஎஸ் காப்பாத்தும் என்று நம்பி வேகமாக ஓடினால் அது காப்பாத்தாது. ஆனால் பியூஸைக் கழட்டுவதால் அந்த நம்பிக்கை தலையில் இருந்து கழன்று விடுமா? அதோடு, உங்கள் காரை நாளைக்குத் தங்கச்சி எடுத்துக்கொண்டு போவா. பியூஸ் இல்லை என்று அவவுக்கு யார் சொல்லுவது?

தம்பிக்குப் பதில்

பியூஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். காசு இருந்தால் நல்ல வின்டர் டயரில் போடுங்கோ. முதல் ஸ்னோ விழுந்த பிறகு, அனுமதி கேட்டு, ஒரு வெறும் பார்க்கிங் லொட்டில் 30இல் போய் பிரேக்கை முழுக்க அழுத்திப் பாருங்கோ. பெடல் அதிரும், சத்தம் போடும். காலை எடுக்காதீர்கள். அப்படியே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கோ, கார் திரும்பும். அந்த அதிர்வு உங்கள் காலுக்குப் பழகவேணும். என் கால் அதை ஒரு வானின் பம்பரில் பழகினது.

மாமாவையும் பக்கத்து சீட்டில் ஏத்திக்கொண்டு போங்கோ. ஸ்னோவில் மெதுவாக ஓடுவது எப்படி என்று அவருக்கு எங்களைவிட நல்லாத் தெரியும்.

அடுத்த கிழமை சந்திப்போம்.