வாயில் நுரை வந்தால் விஷம்தானா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் ராணிக்கு நான்கு வயது. இரவு சாப்பிட்டுப் படுத்தவள், விடியற்காலையில் வாயில் நுரையோடு இறந்து கிடந்தாள். அவள் குரைப்பதைச் சொல்லிச் சண்டை போட்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகம். தெரு வாட்ஸ்அப் குழுவிலும் அவர் பெயரைப் போட்டுவிட்டேன். அன்றே கொல்லையில் புதைத்தோம். மறுநாள் காவல் நிலையம் போனால், "நாய் செத்ததுக்கெல்லாம் கேஸ் போட முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் முன்னால் ஒரு கிளினிக்கில் உண்ணிக்கு ஊசி போட்டோம். அதுதான் காரணமோ என்கிறான் மகன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கேஸ் போட முடியாது என்று உங்களிடம் சொன்னது தவறு, அம்மா. கேடு செய்யும் எண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் மதிப்பு 10 ரூபாயா, 50 ரூபாயா என்று பார்ப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தக் கணக்கே கிடையாது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். ஆனால் அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஓர் உயிருக்கு இதுதான் விலையா என்ற வருத்தம் எனக்கு ஆறவே இல்லை. அதனால் புகாரில் 325-ஐ மறக்காமல் குறிப்பிடுங்கள்.

ஆனால் யார் கொன்றது என்று கேட்பதற்கு முன், ராணி எதனால் இறந்தாள் என்று தெரிய வேண்டும். நுரை வந்தாலே விஷம் என்று முடிவுகட்ட முடியாது. இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் நுரை வரும். பாம்பு தீண்டியிருக்கலாம். உடல் பெருத்த நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். விஷமே என்றாலும் எல்லாம் ஒன்றுபோல் வேலை செய்யாது. பூச்சிமருந்து என்றால் எச்சில் ஒழுகும், கண்பாப்பா சுருங்கும், உடம்பு வெட்டி இழுக்கும். ரத்தத்தை உறையவிடாத எலிமருந்தோ சில நாள் கழித்துத்தான் கொல்லும். அப்படியானால் அவள் அதைத் தின்றது அந்த இரவில் அல்ல. நீங்கள் சந்தேகிக்கும் நாளே மாறிவிடும். எலிக்கு வைத்ததை அவள் போய்த் தின்றிருந்தால் 325-ஐ நிலைநாட்டுவது கடினம். கேடு செய்யும் எண்ணமோ, கேடு வரும் என்ற அறிதலோ இருந்ததைக் காட்டியாக வேண்டும்.

புதைத்துவிட்டோமே என்று கலங்க வேண்டாம். ஆனால் நீங்களாகத் தோண்டாதீர்கள். தோண்டினால் தடயம் பற்றிக் கேள்வி எழும். காவல்துறை முன்னிலையில் அரசு கால்நடை மருத்துவர் உடலை எடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுத்துமூலம் கேளுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. இரைப்பையும் அதிலுள்ள உணவும், கல்லீரல், சிறுநீரகமும் தனித்தனிப் பாட்டில்களில் செறிவான உப்புக் கரைசலில் சீல் வைக்கப்பட்டு, காவல்துறைக் கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகம் போக வேண்டும். ஃபார்மலினில் போடுவது திசு ஆய்வுக்கு. விஷம் பார்க்க அது உதவாது. நம் வெயிலில் உடல் வேகமாக அழுகும், சில விஷங்கள் மறைந்தும் போகும். ஆகவே ஒரு நாளும் தள்ளாதீர்கள். கடைசி நாட்களில் அவள் குணம் மாறியிருந்தாலோ யாரையாவது கடித்திருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறிநோய் என்றால் வீட்டில் எல்லோருக்கும் தடுப்பூசி தேவைப்படலாம்.

நிலையத்தில் மறுபடி மறுத்தால், பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 173(4)-ஆவது பிரிவின்படி புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். இத்தகைய குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தவும் சட்டம் இடம் தருகிறது. அதனால் எஃப்.ஐ.ஆர். உடனே வராவிட்டால் சோர்ந்துவிடாமல், மனு ரசீதை வாங்கிவையுங்கள். எதிர்வீட்டில் கேமரா இருந்தால், அதன் பதிவு சில நாளில் அழிந்துவிடும். இன்றே கேட்டு வாங்குங்கள்.

ஊசி விஷயத்தில், ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். இருந்தாலும் பில், மருந்துச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். அலட்சியம் என்று பரிசோதனையில் தெரிந்தால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். அறிக்கை இல்லாமல் அந்த வழக்கு நிற்காது.

வாட்ஸ்அப்பில் போட்டதை முதல் வேலையாக நீக்குங்கள். ஆதாரம் கையில் இல்லாமல் ஒருவரைக் கொலைகாரர் என்று ஊரறிய எழுதினால், அவர் உங்கள் மேல் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவில் அவதூறு வழக்குத் தொடுக்க முடியும். புகாரிலும் "அவர்தான் விஷம் வைத்தார்" என்று எழுதாதீர்கள். என்றைக்குச் சண்டை நடந்தது, அவர் என்ன சொன்னார், கூட யார் இருந்தார்கள் என்பதை மட்டும் தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள்.