கைத்தொலைபேசியில் போடும் சொல்லுக்கும் பொறுப்பு உண்டு

சட்டம் அறிவோம்



முன்பெல்லாம் பீலிக்கரையில் பேசிய கதை அடுத்த லயத்துக்குப் போய்ச் சேர ஒரு நாளாவது ஆகும். இன்று விரலை வைத்த நிமிடமே கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைக்கும், வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கும் போய்விடுகிறது. கொட்டிய சொல்லை அள்ள முடியாது. ஆகவே இம்முறை மானநட்டச் சட்டத்தைப் பற்றிப் படிப்போம்.

ஓர் உதாரணம்

ஒரு தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்தின் கணக்கு காட்டப் பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், "பொருளாளர் காசைச் சுருட்டிட்டார்" என்று எழுதி பேஸ்புக்கில் போடுகிறார். இருபது பேர் அதை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பிறகு பார்த்தால் காசு வங்கியில் பத்திரமாக இருக்கிறது. அதற்குள் பொருளாளரின் மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்துவிட்டது. இதற்கு யார் பதில் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் மானநட்டத்துக்காகச் சிறையில் போடும் தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002 இல் நீக்கப்பட்டன. ஆனால் பொறுப்பு நீங்கவில்லை. ரோமன் டச்சுச் சட்டப்படி, பெயர் கெட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இரண்டு வருடங்களுக்குள் போட வேண்டும். பேப்பரில் அச்சடித்தாலும், போனில் போட்டாலும் சட்டம் ஒன்றுதான்.

2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், மக்கள் பிரிவினரிடையே பகையை வளர்க்கும் பொய்க்கூற்று போன்றவற்றைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இது வேறு விஷயம். இதையும் மறக்க வேண்டாம்.

நாம் சொல்லும் சாக்குகள்

1. "பேர் போடலியே!" – யாரைச் சொல்கிறோம் என்று படிப்பவருக்கு விளங்கினால் போதும்.

2. "எனக்கு வந்ததத்தானே அனுப்பினேன்!" – முதலில் எழுதியவர் மட்டுமல்ல, அனுப்பியவரும் பொறுப்பாளிதான்.

3. "கெட்ட எண்ணத்தில செய்யலியே!" – இழிவான சொல்லை வெளியிட்டால், கெட்ட எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியவர் நாமே.

4. "உண்மையத்தானே சொன்னேன்!" – உண்மையை நாம் நிரூபிக்க வேண்டும். அதோடு, அதைச் சொன்னதால் பொது நன்மையும் இருக்க வேண்டும். ஒருவரின் பழைய குடும்பக் கதையைக் கிளறுவதில் என்ன பொது நன்மை?

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதா?

இல்லை! கொழுந்து நிறுவையில் குறை, சேமலாப நிதி கட்டாமை, சங்கக் காசில் சந்தேகம் – இவற்றைக் கேட்பது நமது உரிமை. எங்கே, எப்படிக் கேட்கிறோம் என்பதே முக்கியம். தொழில் அலுவலகம், பொலிஸ், தொழிற்சங்கம், சங்கக் கூட்டம் என அதை விசாரிக்க வேண்டியவர்களிடம் நேர்மையாக முறையிடுவதைச் சட்டம் பாதுகாக்கிறது. "கணக்கு எப்போது காட்டுவீர்கள்?" என்பது கேள்வி. "கள்ளன்" என்பது குற்றச்சாட்டு. இரண்டும் ஒன்றல்ல.

தவறாகப் போட்டுவிட்டால்

உடனே அழித்துவிடுங்கள். அதே இடத்தில், அதே ஆட்கள் பார்க்கும்படி மன்னிப்புக் கேளுங்கள். இதனால் வழக்கு இல்லாமற் போகாது. ஆனால் நட்டஈடு குறையலாம்.

நம்மைப் பற்றிப் போட்டிருந்தால்

பதிலுக்குத் திட்டாதீர்கள். திரையில் தெரிவதைத் திகதியோடு படமெடுத்து வையுங்கள். இரு பக்கமும் இணங்கினால் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். வழக்குப் பேச வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம்.

கூடிப் பேசுவோம்

1. மேலே சொன்ன உதாரணத்தில், கணக்குக் கேட்க விரும்பியவர் என்ன செய்திருக்கலாம்?
2. அந்த இருபது பேரும் இப்போது என்ன செய்ய வேண்டும்?
3. நமது வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்போம்?