ஆடுகளமும் அறமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

உடல் வலிமைக்கும் உள்ளத் தெளிவுக்கும் விளையாட்டு இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். ஆண்டுதோறும் கல்லூரி மலர்களில் வென்ற கேடயங்களின் பட்டியலும், அவற்றை ஏந்தி நிற்கும் வீரர்களின் படமும் இடம்பெறுகின்றன. அந்தப் படத்தைக் கண்டு மகிழாதவர் யார்? ஆனால் படத்தில் தெரியாத செய்திகளும் சில உண்டு. அவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிறர் குற்றத்தைப் பேசுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுவதே முறை.

பிறர் பெயரில் ஓடினேன்

நான் 400 மீட்டர் ஓடுபவன். என் தந்தையார் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. முதலாம் ஆண்டில், கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்குச் சென்றிருந்தேன். தகுதிச் சுற்றிலேயே தோற்றுப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, வேறொரு கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர் வந்தார்.

"தம்பி, எங்க ரிலே டீம்ல ஒருத்தன் வரல. நீ ஓடுறியா? பேர் கேட்டா இதைச் சொல்லு" என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். 300 ரூபாயும் மதியச் சாப்பாடும் தருவதாகச் சொன்னார். அன்று காலை வெறும் தேநீருடன் பேருந்து ஏறியவன் நான். ஓடினேன். அவ்வணி மூன்றாம் இடம் பெற்றது. நான் ஓடிய ஓட்டத்துக்கான சான்றிதழ், நான் முகமே அறியாத ஒருவருக்குப் போயிற்று.

இதில் யாருக்கு என்ன நட்டம் என்றே அன்று எண்ணினேன். இவ்வாண்டு ஆடி மாதத்தில் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் பேச்சுவாக்கில் அதே போட்டியைக் குறிப்பிட்டார். நான்காவதாக வந்த அணியில் கடைசியாக ஓடியவர் அவர். உடற்கல்விப் படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தாராம். "ஒரே ஒரு சர்டிபிகேட் குறைஞ்சுபோச்சு நண்பா" என்றார். இப்போது லாரியில் கிளீனராகப் போகிறார். என் நிறுத்தம் வருமுன்பே நான் இறங்கிவிட்டேன்.

ஜிம் தார்ப் கற்பித்த பாடம்

மனம் பொறுக்காமல் எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜிம் தார்ப்னு ஒருத்தர். அவரைப் பத்திப் படிச்சிட்டு வா" என்றார்.

ஜிம் தார்ப் அமெரிக்கப் பழங்குடி மரபினர். கார்லைல் நகரில் பழங்குடியினருக்கென நடந்த கல்விக்கூடத்தில் பயின்றவர். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்டாத்லான், டெகாத்லான் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். 1913 ஜனவரியில் ஒரு நாளேடு, அவர் 1909, 1910ஆம் ஆண்டுகளில் சிறு கூலிக்குப் பேஸ்பால் ஆடியதை வெளியிட்டது. ஊதியம் வாங்கியவர் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்பது அக்கால விதி. ஆட்சேபணைகளை 30 நாட்களுக்குள் எழுப்ப வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் முன்னதைப் பார்த்தவர்கள் பின்னதைப் பார்க்கவில்லை. பதக்கங்கள் பறிக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நாளில் கல்லூரி மாணவர் பலர் கோடை விடுமுறையில் அப்படிக் கூலிக்கு ஆடினர். பொய்ப்பெயரில் ஆடித் தப்பித்துக்கொண்டனர். தார்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார், அகப்பட்டுக்கொண்டார். 1953இல் அவர் மறைந்தார். 1982இல்தான் பதக்கங்களைத் திருப்பியளிக்க முடிவாயிற்று. அப்போதும் மற்றொருவருடன் இணைந்த வெற்றியாளர் என்றே அவரைக் குறித்தனர். தனி வெற்றியாளர் என்று ஏட்டில் ஏற, 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பணம் வாங்காமல் ஆடுபவனே தூய வீரன் என்பது வயிற்றுக் கவலை இல்லாதவர்களுக்குப் பொருந்திய விதி. ஏழை மாணவன் கூலி வாங்குவது குற்றமன்று. ஆனால் இதைச் சொல்லி நான் தப்பிக்க இயலாது. தார்ப் எவருடைய இடத்தையும் திருடவில்லை. நான் திருடினேன். 300 ரூபாய் வாங்கியதன்று என் குற்றம். பொய்ப்பெயர் சொன்னதே குற்றம்.

கேடயம் கல்லூரிக்கு, பாடம் யாருக்கு?

தவறு மாணவனுடையது மட்டுந்தானா? அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெரும் பணம் புரளும் தொழில். அங்கே வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில், 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத 'வகுப்புகள்' நடந்தன. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண். அதையும் பெரும்பாலும் வழங்கியவர் ஓர் அலுவலக ஊழியரே. 3,100 மாணவர்களுக்கு மேல் இவ்வாறு பயன்பெற்றனர் என்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. பயன்பெற்றனர் என்றா சொன்னேன்? படிக்காமலே பட்டம் பெற்றவன் எதை இழந்தான் என்பது, ஆட்டம் ஓய்ந்த பிறகல்லவா அவனுக்குத் தெரியும்!

வீரர்களின் கல்வி தொடர்பான உதவிகளுக்குக் கூட்டாக வரம்பு விதிப்பது சட்டத்துக்கு முரண் என்று 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கவும் வழி பிறந்தது. பணம் வந்தது நியாயமே. ஆனால் இழந்த பாடத்தைப் பணம் தருமா?

நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் வினா ஒன்றுதான். போட்டிக்குச் சென்ற நாட்களுக்கு வருகைப்பதிவு கிடைத்துவிடுகிறது, பாடம் கிடைப்பதில்லை. நிறமாலைமானிச் செய்முறையை நான் செய்யவே இல்லை. நண்பனின் ஏட்டைப் பார்த்து அளவுகளை எழுதினேன். எங்கள் வீட்டில் எனக்கு அதைச் சொல்லித்தர எவரும் இல்லை. என் போன்றவனுக்கு ஒரு செய்முறை தவறினால் தவறியதுதான்.

ஊசியும் பேருந்தும்

வெற்றி ஒன்றே வேலைக்கு வழி என்றானபின் குறுக்கு வழிகள் பெருகாமல் இருக்குமா? 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின்போது, ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கும் செய்தி பரவியது. ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓடியவர் ஒரே ஒருவர்! மைதானத்துக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன என்று செய்தித்தாள்கள் எழுதின.

மாணவியர் நிலை வேறு. அமெரிக்காவில் 1972இல், அரசுப் பண உதவி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேற்றுமை கூடாது என்று சட்டம் வந்தது. அந்த விதியில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆயினும் கல்லூரி மைதானங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது அதுவே. என் வகுப்பில் நீளம் தாண்டும் மாணவி ஒருவர் இருக்கிறார். மாலைப் பயிற்சியில் பாதியிலேயே புறப்பட்டுவிடுவார். அவர் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஐந்தரை மணிக்கு. உடை மாற்ற ஓர் அறை, பேருந்து நேரத்துக்கு ஏற்ற பயிற்சி, துணைக்கு ஒரு பேராசிரியை: இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். 2023இல் நாட்டின் முன்னணி மல்யுத்த வீராங்கனைகளே பாலியல் துன்புறுத்தல் புகாருடன் டெல்லித் தெருவில் அமர நேர்ந்ததென்றால், சிற்றூர் மாணவி யாரிடம் போய்ச் சொல்வாள்?

சுழிப்பிழை

திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் சுழிப்பிழையைக் கண்டறி என்று பேராசிரியர் கூறுவார். அதைத் திருத்தாமல் எத்தனை முறை அளந்தாலும் விடை தவறுதான். நம் பந்தயங்களுக்கும் சுழிப்பிழை உண்டு. பசித்தவனும் உண்டவனும், செருப்பில்லாதவனும் ஸ்பைக்ஸ் அணிந்தவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். விசில் ஊதியவுடன் அனைவரும் சமம் என்கிறோம்.

இதைத் திருத்தப் பெருஞ்செலவு ஆகாது. போட்டி நாளில் காலை உணவை வீரர்களுக்குக் கல்லூரியே வழங்கலாம். தவறிய செய்முறைகளுக்குச் சனிக்கிழமை ஒன்றை ஒதுக்கலாம். ஓட்டத்துக்கு முன் அடையாள அட்டையின் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்று எவரேனும் அப்படிப் பார்த்திருந்தால், நான் பிழைத்திருப்பேன். அந்த நண்பரும் பிழைத்திருப்பார்.

முடிவாக

விளையாட்டு வீரன் முதலில் மாணவன். மாணவன் முதலில் மனிதன். கேடயத்துக்காக அவனைக் கருவியாக்குவது முதல் தவறு. அதற்கு அவன் உடன்படுவது இரண்டாம் தவறு.

போட்டி நடத்தியவர்களுக்கு என் தவற்றை ஒப்புக்கொண்டு, உடற்கல்வி இயக்குநர் வழியாகக் கடிதம் அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு என்னை ஓடவிடாமல் செய்தாலும் ஏற்றுக்கொள்வேன். மூன்றாம் இடத்துச் சான்றிதழ் உரியவர்க்குச் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பதில் இன்னும் வரவில்லை. பேருந்தில் சந்தித்த அந்த நண்பரின் ஊர் எனக்குத் தெரியும். பதில் வந்ததும், வராவிட்டாலும், நேரில் சென்று என் பெயரைச் சொல்ல வேண்டும்; இம்முறை என் சொந்தப் பெயரை.