நொடியின் நுண்கூற்றை அளத்தல்

கண் இமைத்தலும் கை நொடித்தலும் நம் முன்னோர் கண்ட கால அளவுகள். எழுத்தொலியின் மாத்திரைக்குத் தொல்காப்பியர் இவ்விரண்டையுமே அளவாகக் கொண்டார். இன்றைய அறிவியலோ நொடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூற்றை ஃபெம்டோ நொடி என்கிறது. நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரையும் ஒளிக்கும் ஒரு தலைமயிரின் தடிமனைக் கடக்க ஏறத்தாழ இருநூறு ஃபெம்டோ நொடி வேண்டும்.

இக்கால எல்லையில் வேதிவினைகளை லேசர் ஒளியால் ஆராய்ந்த, எகிப்தில் பிறந்த அகமது செவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். பின்னர் 2009இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும், 2017இல் செருமனியின் ஆம்பர்க்கு நகரிலும் எக்ஸ் கதிர் லேசர்கள் இயங்கத் தொடங்கின. இவற்றின் துடிப்புகள் சில ஃபெம்டோ நொடிகளே நீடிக்க வல்லவை. வலிமை மிக்க இக்கதிர் தான் படும் புரத மூலக்கூற்றைச் சிதைத்துவிடும். சிதையுமுன் படம் பதிவாகிவிட வேண்டும். ஆகவே துடிப்பின் கால அளவை அறிவது இன்றியமையாததாகிறது.

ஈண்டு இரு இடர்கள் எழுகின்றன. மின்னணுக் கருவிகள் இத்துணை விரைவு உடையன அல்ல. மேலும், ஒரு துடிப்பு மற்றொன்றை ஒத்திருப்பதில்லை. வகுப்பின் சராசரி மதிப்பெண் ஒரு மாணவனின் நிலையைக் காட்டாதது போல, துடிப்புகளின் சராசரியும் தனித்துடிப்பைக் காட்டாது. ஒவ்வொன்றையும் தனியே அளந்தாக வேண்டும்.

வழி யாது? சுழலும் குயவர் சக்கரத்தின் விளிம்பில் மேலிருந்து மணலைச் சொரிவதாகக் கொள்வோம். கணநேரம் சொரிந்தால் மணல் ஓரிடத்தில் குவியும். சற்று நீடித்தால் வில்லாய் விரியும். வில்லின் நீளமே சொரிந்த நேரத்தைச் சொல்லும். 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வின் நெறியும் இதுவே. எக்ஸ் கதிர் வளிமத்தில் பட்டு எலெக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. உடன்செல்லும் அகச்சிவப்பு லேசரின் மின்புலம் ஏறத்தாழ 35 ஃபெம்டோ நொடிக்கு ஒரு சுற்றாகச் சுழன்று, அவற்றை அந்தந்தக் கணத்திற்குரிய திசையில் தள்ளுகிறது. வட்டமாய் அமைந்த 16 உணர்கருவிகள் அத்திசைகளைப் பதிவு செய்கின்றன. ஒரு பாகைக் கோணம் ஏறத்தாழ 0.1 ஃபெம்டோ நொடிக்கு ஈடாகும்.

காலத்தை இடமாக மாற்றி அளக்கும் இம்முறை நம் மண்ணுக்குப் புதிதன்று. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையின் அடுக்குகளில் பண்டைக் கடலின் காலம் ஆழமாக மாறியிருக்கிறது. அடுக்கின் இடத்தைக் கொண்டே நிலவியலார் முன்பின் அறிகின்றனர். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளைத் தாங்கிக் கிடக்கிறது. கோடியாண்டும் ஃபெம்டோ நொடியும் ஒரே சிந்தனைக்குள் அடங்குகின்றன.

அறிவியல் வேறு, தமிழ் வேறு என்று ஒதுங்கும் மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே: நொடி என்னும் சொல் நம்முடையது, அதன் நுண்கூற்றை அளக்கும் கலையையும் நம்முடையதாக்குவோம்.